தலைவர் வருவதற்கு முன்பே: அட்லாண்டாவிலிருந்து மெம்ஃபிஸ் வரை

திங்கள், அட்லாண்டா

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் என்றதும் நம் மனதில் இரண்டு முகங்கள் வரும். ஒரு பக்கம் மார்ட்டின் லூதர் கிங், அகிம்சை. இன்னொரு பக்கம் மால்கம் எக்ஸ், கோபம். பள்ளியில் அப்படித்தான் படித்தேன், மேடைகளிலும் அப்படித்தான் கேட்டிருக்கிறேன். அலபாமா, மிசிசிப்பி வழியாக மெம்ஃபிஸ் வரை போகும் இந்தப் பயணத்தில் அண்ணன் மகளும் என்னுடன் வருகிறாள். இங்கே கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். கார் ஓட்டுவது அவள், எழுதுவது நான். அன்றன்று பார்த்ததை அன்றன்று இரவே இங்கே போட்டுவிடுவதாக ஏற்பாடு.

ஆபர்ன் அவென்யூவில் 501ஆம் எண் வீட்டில்தான் 1929 ஜனவரி 15 அன்று கிங் பிறந்தார். வெளியிலிருந்து பார்த்துவிட்டு நடந்தோம். கொஞ்ச தூரத்தில் அவருடைய தாத்தாவும் அப்பாவும் போதகர்களாக இருந்த எபனேசர் பாப்டிஸ்ட் தேவாலயம். அதன் பக்கத்தில் நீர்த்தடாகத்தின் நடுவே கிங், அவர் மனைவி கொரெட்டா இருவரின் கல்லறை. பிறந்தது, ஊழியம் செய்தது, அடங்கியது எல்லாம் ஒரே தெருவில்.

1965 ஜூலை 4 அன்று எபனேசரில் செய்த பிரசங்கத்தில் கிங் நம் பக்கத்துக் கதை ஒன்றைச் சொன்னார். 1959இல் இந்தியா வந்தபோது கன்னியாகுமரி வரை போனவர், திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கும் போனார். தீண்டாமைக்கு ஆளான குடும்பங்களின் பிள்ளைகள் படித்த பள்ளி. அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் சக தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தினார். முதலில் சுருக்கென்று தைத்தது என்கிறார் கிங். பிறகு தன் நாட்டில் வறுமையிலும் ஒதுக்கலிலும் கிடக்கும் இரண்டு கோடிப் பேரை நினைத்துப் பார்த்து, ஆமாம், நானும் தீண்டத்தகாதவன்தான் என்று தனக்குள் ஒப்புக்கொண்டதாகச் சொன்னார்.

அதே தெருவில் இன்னும் கொஞ்சம் நடந்தால் பிரின்ஸ் ஹால் மேசோனிக் கட்டடம். கிங் தலைமையில் 1957இல் உருவான தென் கிறிஸ்தவத் தலைமை மாநாடு என்ற அமைப்பு இங்கிருந்துதான் இயங்கியது. அதற்கு அலுவலகம் அமைத்துக் கொடுக்க 1958இல் நியூயார்க்கிலிருந்து வந்தவர் எல்லா பேக்கர். வந்த புதிதில் உட்கார ஓர் இடமில்லை. பொதுத் தொலைபேசிக் கூண்டிலிருந்து வேலையை ஆரம்பித்தவர். 1940களில் என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பினத்தவர் உரிமை அமைப்புக்காகத் தென் மாநிலங்கள் முழுக்க அலைந்து, ஊர் ஊராகக் கிளைகளைக் கட்டியவர். முடிதிருத்தும் கடைக்காரர், சமையல்காரப் பெண், சிற்றூர் ஆசிரியர் என்று அவர் அறியாத ஆளில்லை. ஆனாலும் போதகர்கள் நிறைந்த சபையில், போதகர் அல்லாத, ஐம்பதைக் கடந்த ஒரு பெண்ணின் சொல் ஏறவில்லை.

பேக்கர் பிடித்த பிடி ஒன்றுதான்: பலமுள்ள மக்களுக்குப் பலமான தலைவர் தேவையில்லை. ஒரு மனிதரைச் சுற்றி இயக்கம் கட்டினால் அவர் சாய்ந்த அன்று இயக்கமும் சாயும் என்று அவர் பயந்தார். மார்ட்டின் இயக்கத்தை உண்டாக்கவில்லை, இயக்கம்தான் மார்ட்டினை உண்டாக்கியது என்று வெளிப்படையாகவே சொன்னார்.

1960 பிப்ரவரியில் கிரீன்ஸ்பரோவில் நான்கு மாணவர்கள் வெள்ளையர்க்கு மட்டுமான உணவுக் கவுண்டரில் உட்கார்ந்தார்கள். அது ஊர் ஊராகப் பரவியதும் பேக்கர் சும்மா இருக்கவில்லை. கிங்கின் அமைப்பிடமிருந்தே 800 டாலர் வாங்கி, ஏப்ரலில் ராலே நகரிலுள்ள ஷா பல்கலைக்கழகத்தில் மாணவர்களைக் கூட்டினார். அவர் படித்த கல்லூரி அது. அந்த மாணவர்களைத் தங்கள் இளைஞர் அணியாக்கிக்கொள்ளக் கிங் அமைப்பின் பெரியவர்கள் விரும்பினார்கள். பேக்கர் அந்தப் பேச்சிலிருந்து எழுந்து வெளியே போய்விட்டார். மாணவர்கள் தனி அமைப்பாகவே நின்றார்கள். அதுதான் ஸ்னிக் என்று எல்லோரும் அழைத்த மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழு.

"மூணு வருஷமா இந்த ஊர்லயே இருக்கேன் சித்தப்பா, இந்தக் கட்டடத்தை நின்னு பாத்ததில்ல," என்றாள் அண்ணன் மகள்.

சாயங்காலம் பீட்மாண்ட் பூங்கா. இன்று குழந்தைகள் விளையாடும் இந்தப் புல்வெளியில் 1895இல் பருத்திக் கண்காட்சி நடந்தது. செப்டம்பர் 18 அன்று, அடிமையாகப் பிறந்து, அலபாமாவில் டஸ்கீகி பள்ளியை நடத்திவந்த புக்கர் டி. வாஷிங்டன் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் அடங்கிய கூட்டத்தின் முன் பேசினார். நிற்கும் இடத்திலேயே வாளியை இறக்குங்கள், அதாவது இருக்கும் ஊரிலேயே வழி தேடுங்கள் என்றார். தொழில் கற்போம், நிலம் வாங்குவோம், சம்பாதிப்போம். சமூக சமத்துவத்துக்குக் கிளர்ச்சி செய்வது மடமை. சமூக வாழ்வில் விரல்களைப் போலப் பிரிந்திருந்து, முன்னேற்றத்தில் கையைப் போல ஒன்றாயிருப்போம் என்று அவர் சொன்னதும் வெள்ளையர் கூட்டம் ஆர்ப்பரித்தது. அடுத்த ஆண்டே, தனித்தனியாக ஆனால் சமமாக வைத்திருப்பது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் அன்று வாஷிங்டனை வாழ்த்தி எழுதினார் என்பது பலருக்குத் தெரியாது. மனம் மாறியது இந்த ஊரில்தான். 1897இல் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக வந்தார். புள்ளிவிவரங்களைச் சேர்த்து உண்மையை எடுத்துவைத்தால் வெள்ளையர் மனம் திருந்தும் என்று நம்பினார். 1899இல் சாம் ஹோஸ் என்ற கூலித் தொழிலாளியை ஒரு கும்பல் சித்திரவதை செய்து எரித்தது. அதைப் பற்றி நிதானமாக ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு பத்திரிகை அலுவலகத்துக்கு நடந்தார் டு பாய்ஸ். வழியில், ஹோஸின் விரல் முட்டிகள் ஒரு மளிகைக் கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பதாகக் கேள்விப்பட்டு அப்படியே திரும்பிவிட்டார். மனிதர்களை இப்படிக் கொல்லும் ஊரில் அமைதியான, ஒட்டாத அறிவியலாளனாக இருக்க முடியாது என்று பின்னாளில் எழுதினார். 1903இல் வாஷிங்டனை நேரடியாக எதிர்த்து எழுதினார். ஓட்டு, குடிசார் உரிமை, உயர்கல்வி மூன்றையும் விட்டுவிடச் சொல்கிறார் இவர் என்பது அவர் குற்றச்சாட்டு. அதற்கு அவர் வைத்த மாற்று, பத்தில் ஒரு பங்கான படித்த திறமைசாலிகள் இனத்தைக் கைதூக்கி விடுவார்கள் என்பது. இதுவும் மேலிருந்து கீழே வரும் தலைமைதானே? எல்லா பேக்கரை நினைத்துக்கொண்டே இதைப் படித்தபோது எனக்கு அப்படித்தான் பட்டது.

செவ்வாய், டஸ்கீகி

அட்லாண்டாவிலிருந்து இரண்டு மணி நேரம். பைன் மரங்கள், சிவப்பு மண்.

வாஷிங்டனைக் குறை சொல்லத் தயாராகத்தான் வந்தேன். ஆனால் வளாகத்தில் நடக்க நடக்க அவர் மீது மரியாதை கூடிக்கொண்டே போனது. 1881 ஜூலை 4 அன்று இந்தப் பள்ளி தொடங்கியபோது சொந்தக் கட்டடம் கிடையாது. மாணவர்களே செங்கல் அறுத்தார்கள். சூளை மூன்று முறை பாழானது. நான்காவது முறைக்குக் காசில்லாமல் வாஷிங்டன் தன் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்தார். அந்தச் செங்கல்லில் எழுந்த கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. தி ஓக்ஸ் என்ற அவருடைய வீட்டையும் மாணவர்கள்தான் கட்டினார்கள். ஜூலியஸ் ரோசன்வால்டின் பணமும், அந்தந்த ஊர்க் கறுப்பின மக்கள் சேர்த்த காசும் உழைப்புமாகத் தென்னகக் கிராமங்களில் ஏறக்குறைய 5,000 பள்ளிகள் எழுந்தன. அந்தத் திட்டம் முளைத்ததும் இங்கேதான்.

மேடையில் கிளர்ச்சி வேண்டாம் என்றவர், கறுப்பினத்தவரின் ஓட்டைப் பறித்த 1901 அலபாமா அரசியல் சட்டத்தை எதிர்த்த வழக்குகளுக்குத் தன் பெயர் வெளியே வராமல் பணம் கொடுத்திருக்கிறார். வழக்கு தோற்றது. இரட்டை வேடம் என்று இதைச் சொல்ல எனக்கு மனமில்லை. கொஞ்சம் குரல் உயர்த்தினாலும் பள்ளியே சாம்பலாகும் இடத்தில் அவர் இருந்தார்.

வளாகத்தின் நடுவே அவருடைய சிலை, 1922இல் வைத்தது. மண்டியிட்டிருக்கும் ஒருவரின் மீதிருந்து அறியாமைத் திரையை விலக்குகிறார். விலக்குகிறவர் நிற்கிறார், விலக்கப்படுகிறவர் கீழே இருக்கிறார். அந்த உயர வித்தியாசம் எனக்கு உறுத்தியது.

வாஷிங்டனின் வழி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்த ஊரே சோதனைக்களம். 1950களில் இங்கே பேராசிரியர்கள், மருத்துவர்கள், வீடும் காரும் வைத்திருந்த கறுப்பினக் குடும்பங்கள் ஏராளம். அவர் சொன்னதெல்லாம் நடந்திருந்தது. கல்வி வந்தது, சொத்து வந்தது. அவர்கள் ஓட்டுப் போடத் தொடங்கினார்கள். 1957இல் மாநிலச் சட்டமன்றம் என்ன செய்தது தெரியுமா? சதுரமாக இருந்த நகர எல்லையை 28 பக்கங்கள் கொண்ட கோணல் உருவமாக மாற்றி வரைந்தது. ஏறக்குறைய 400 கறுப்பின வாக்காளர்களில் நான்கைந்து பேரைத் தவிர எல்லோரும் நகரத்துக்கு வெளியே போனார்கள். வாஷிங்டன் கட்டிய கல்லூரியும் வெளியே போனது. வெள்ளையர் ஒருவர்கூட வெளியே போகவில்லை.

கல்லூரியின் சமூகவியல் பேராசிரியர் சார்லஸ் கோமிலியன் வழக்குப் போட்டார். ஊர் மக்கள் வெள்ளையர் கடைகளைப் புறக்கணித்தார்கள். 1960இல் உச்ச நீதிமன்றம் அந்த எல்லைக்கோட்டுக்கு எதிராக ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னது.

"செங்கல் சூளை போட்டவரை எனக்கும் பிடிக்குது சித்தப்பா. ஆனா ஓட்டு இல்லாம கட்டினதை ஒரு பேனாக்கோடு வெளியில தள்ளிடுச்சே," என்றாள். நான் அதற்கு மேல் சேர்க்க எதுவும் இல்லை.

மால்கம் எக்ஸும் இங்கே பேசியிருக்கிறார், 1965 பிப்ரவரி 3 இரவு. கேட்டுக்கொண்டிருந்த ஸ்னிக் இளைஞர்கள் மறுநாளே அவரை செல்மாவுக்கு அழைத்துப் போனார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

புதன், மாண்ட்கோமரி

டெக்ஸ்டர் அவென்யூ தேவாலயத்தின் வாசலில் நின்று பார்த்தால் மாநிலச் சட்டமன்றம் கண்ணெதிரே தெரியும். அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைவராக 1861இல் ஜெஃபர்சன் டேவிஸ் பதவியேற்ற இடம் அது. 1954இல் கிங் இங்கே போதகராக வந்தபோது வயது 25.

1955 டிசம்பர் 1 அன்று, பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானதும் பேருந்துப் புறக்கணிப்பு தானாக வெடித்தது போலத்தான் கதை சொல்வார்கள். அன்று இரவு நடந்ததைப் பாருங்கள். ஆங்கிலப் பேராசிரியை ஜோ ஆன் ராபின்சன், அலபாமா மாநிலக் கல்லூரியில் இரவெல்லாம் கண்விழித்துப் பல்லாயிரம் துண்டறிக்கைகளைச் சைக்ளோஸ்டைல் எடுத்தார். அவர் தலைமையிலிருந்த பெண்கள் அரசியல் மன்றம் அதற்கு முன்பே பேருந்துப் புறக்கணிப்பு பற்றி மேயருக்கு எழுதியிருந்தது. ரயில்வே தூங்கும் பெட்டி ஊழியர் சங்கத்தின் இ. டி. நிக்சன், பார்க்ஸை ஜாமீனில் எடுத்துவிட்டு, போதகர்களுக்கு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் பேசினார். அதே ஆண்டு மார்ச் 2 அன்று, 15 வயது கிளாடெட் கோல்வின் இதே போல எழுந்திருக்க மறுத்துக் கைதாகியிருந்தார். பேருந்துப் பிரிவினையை உடைத்த வழக்கின் மனுதாரர்களில் அவரும் ஒருவர். ரோசா பார்க்ஸோ, உள்ளூர் என்.ஏ.ஏ.சி.பி.யின் செயலாளர், 1940களில் எல்லா பேக்கர் நடத்திய பயிற்சிக்குப் போய்வந்தவர். களைத்துப்போன தையல்காரப் பெண் என்ற ஒற்றை வரியில் இதையெல்லாம் மறைத்துவிட்டார்கள்.

டிசம்பர் 5 அன்று, புறக்கணிப்பை நடத்த அமைத்த புதிய சங்கத்தின் தலைவராகக் கிங்கைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊருக்குப் புதியவர், பழைய பகை எதுவும் இல்லாதவர், அபாரமாகப் பேசக்கூடியவர்.

381 நாட்கள். அத்தனை நாட்களும் பல்லாயிரம் பேர் நடந்தார்கள், பகிர்ந்துகொண்ட கார்களில் போனார்கள். பெட்ரோலுக்குக் காசு? ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண் மற்ற பெண்களைச் சேர்த்துக்கொண்டு பொரித்த கோழியும் இனிப்புப் பணியாரங்களும் செய்து விற்று, வந்த பணத்தை வாராந்தரக் கூட்டத்தில் கொடுத்தார். பெயர் தெரிந்தால் அந்தப் பெண்களின் வேலை போய்விடும். அதனால் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் 'எங்கிருந்தும் இல்லை' என்று சொல்லும்படி, எங்குமில்லாதவர்கள் மன்றம் என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். கில்மோருக்கு இந்த ஊரில் பெரிய சிலை வேண்டும் என்பேன்.

மத்தியானம் சவுத் ஜாக்சன் தெருவில் கிங் குடியிருந்த வீடு. 1956 ஜனவரி 30 இரவு இதன் முன் திண்ணையில் குண்டு வீசினார்கள். தரையில் அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது. ஆயுதங்களோடு ஆத்திரமாகக் கூடிய அக்கம்பக்கத்து மக்களை, உள்ளே மனைவியும் கைக்குழந்தையும் இருக்க, கிங் அமைதிப்படுத்தி அனுப்பினார். ஆனால் அந்த நாட்களில் அந்த வீட்டுக்குள்ளேயே துப்பாக்கி இருந்தது. துப்பாக்கி உரிமத்துக்கு அவரே விண்ணப்பித்தார், கொடுக்கவில்லை. அடுத்த மாதம் வந்து சேர்ந்த பேயர்ட் ரஸ்டின், ஏற்கெனவே இந்தியா போய் காந்தியர்களுடன் பழகியவர், அகிம்சையை முழு வாழ்க்கைமுறையாக எடுத்துக்கொள்ளும்படி கிங்குடன் உட்கார்ந்து பேசினார். கிங்கின் அகிம்சை பிறவிக் குணம் இல்லை; இந்த வீட்டில், பயத்துக்கு நடுவில், அவர் தேர்ந்தெடுத்தது. அதனாலேயே எனக்கு அவர் மேல் மதிப்பு அதிகம்.

ஊரின் குன்றின் மேலிருக்கும் அமைதிக்கும் நீதிக்குமான தேசிய நினைவிடத்துக்கும் போனோம். கும்பல் கொலைக்கு ஆளான 4,400க்கும் மேற்பட்டவர்களின் நினைவாக 800க்கும் அதிகமான இரும்புத் தூண்கள். அங்கே எழுதிக்கொள்ள எதுவும் தோன்றவில்லை.

வியாழன், 80ஆம் நெடுஞ்சாலை, செல்மா

செல்மாவிலிருந்து மாண்ட்கோமரிக்கு 54 மைல். 1965இல் வாக்குரிமை கேட்டுக் கிங்கும் மற்றவர்களும் நடந்த பாதையில் நாங்கள் எதிர்த்திசையில் காரில் போனோம். நடுவில் லவுண்டஸ் மாவட்டம். இந்தப் பயணத்தில் என்னை அதிகம் உலுக்கிய இடம் இதுதான்.

1965 தொடக்கத்தில் இந்த மாவட்டத்தில் ஐந்தில் நான்கு பேர் கறுப்பினத்தவர். வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. வெள்ளையர் பட்டியலிலோ, வயது வந்த வெள்ளையரின் எண்ணிக்கையைவிட அதிகப் பெயர்கள். மார்ச் மாதம் கிங்கின் நடைப்பயணம் இந்தச் சாலையில் போனபோது, ஸ்டோக்லி கார்மைக்கேலும் ஸ்னிக் நண்பர்களும் வேடிக்கை பார்க்க வந்த உள்ளூர்க்காரர்களிடம் பெயரும் முகவரியும் வாங்கிக்கொண்டார்கள். ஊர்வலம் போனது, தொலைக்காட்சிக் கேமராக்களும் போயின. கார்மைக்கேல் திரும்பி வந்து தங்கினார்.

தங்கியவர்கள் செய்த வேலை நிதானமான வேலை. ஷெரீஃப் என்ன செய்வார், வரி மதிப்பீட்டாளருக்கு என்ன அதிகாரம் என்று படக்கதைப் புத்தகங்கள் போட்டு வீடு வீடாகக் கொடுத்தார்கள். உள்ளூர்க்காரர் ஜான் ஹியூலெட் முன்னால் நிற்க, லவுண்டஸ் மாவட்ட விடுதலை அமைப்பு என்ற சொந்தக் கட்சி கிளம்பியது. எழுத்தறியாதவர்கள் நிறைய இருந்ததால் அலபாமாவில் ஒவ்வொரு கட்சிக்கும் சின்னம் வேண்டும். சின்னம் பார்த்து ஓட்டுப் போட்டு வளர்ந்த நமக்கு அதை விளக்கத் தேவையில்லை. அலபாமா ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல், அதன் மேலே வெள்ளையர் ஆதிக்கம் என்ற வாசகம். இவர்கள் எடுத்தது கருஞ்சிறுத்தை. கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் 1966 அக்டோபரில் தொடங்கிய கருஞ்சிறுத்தைகள் கட்சி (பிளாக் பாந்தர்) பெயரையும் சின்னத்தையும் எடுத்துக்கொண்டது இங்கிருந்துதான்.

வாக்காளராகப் பெயர் பதிந்ததற்காக, விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்குப் பயிர் செய்தவர்களை நிலக்காரர்கள் வெளியேற்றினார்கள். அவர்கள் இந்த நெடுஞ்சாலை ஓரத்திலேயே கூடாரம் போட்டு இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் இருந்தார்கள், இரவில் காரிலிருந்து சுடுகிறவர்களுக்கு நடுவில். அந்த இடத்தில் இன்று தேசியப் பூங்காத் துறையின் விளக்க மையம் இருக்கிறது. 1966 நவம்பர் தேர்தலில் அந்தக் கட்சி எல்லா இடத்திலும் தோற்றது. 1970இல் ஜான் ஹியூலெட் அந்த மாவட்டத்தின் ஷெரீஃப் ஆனார்.

செல்மாவுக்கு மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். எட்மண்ட் பெட்டஸ் பாலம் நடுவில் மேடேறி இறங்குவதால் மறுகரையில் யார் நிற்கிறார்கள் என்பது உச்சிக்குப் போகும் வரை தெரியாது. 1965 மார்ச் 7, ஞாயிறு அன்று ஜான் லூயிஸும் ஹோசியா வில்லியம்ஸும் 600 பேரோடு அந்த உச்சிக்கு வந்தபோதுதான் எதிரே தடிகளோடும் வாயுமுகமூடிகளோடும் காவலர்களைக் கண்டார்கள்.

ஸ்னிக் 1963லிருந்தே இங்கே வேலை செய்தது. அதற்கும் முன்பிருந்தே அமீலியா பாய்ன்டன் போன்ற உள்ளூர்க்காரர்கள் வாக்காளர் பதிவுக்காகப் போராடினார்கள். 1965 ஜனவரியில் கிங்கின் அமைப்பு வந்ததும் கேமராக்கள் வந்தன. பெரிய மனிதர் வருவார், கைதாவார், தலைப்புச் செய்தியாவார், போய்விடுவார், அடி வாங்குவது ஊர்க்காரர்கள் என்று ஸ்னிக் குமுறியது. நடைப்பயணத்தில் அமைப்பாகச் சேர மறுத்தது. அதன் தலைவராக இருந்த ஜான் லூயிஸ் தனி மனிதராக நடந்து மண்டை உடைபட்டார். இரண்டு நாள் கழித்துக் கிங் தலைமையில் கிளம்பியவர்கள் பாலத்தைத் தாண்டி மண்டியிட்டு ஜெபித்துவிட்டுத் திரும்பியபோது அந்தக் குமுறல் இன்னும் கூடியது.

ஸ்னிக் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காட்சிகளை நாடே பார்க்காமல் இருந்திருந்தால் ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தாகியிருக்காது. கூட்டாட்சி அரசின் பதிவாளர்கள் வராமல் லவுண்டஸில் ஆயிரக்கணக்கில் பெயர் ஏறியிருக்காது. கிங் கதவை உடைத்தார். உள்ளே போய்க் குடியேறக் கற்றுக்கொடுத்தவர்கள் மற்றவர்கள்.

மால்கம் எக்ஸ் விஷயம். பிப்ரவரி 4 அன்று அவர் பிரவுன் சேப்பல் தேவாலயத்தில் பேசியபோது கிங் செல்மா சிறையில் இருந்தார். பேசி முடித்து, கொரெட்டா கிங்கின் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் கணவரின் வேலையைக் கடினமாக்க நான் வரவில்லை, மாற்று என்ன என்று வெள்ளையருக்குத் தெரிந்தால் அவர் சொல்வதைக் கேட்பார்கள் என்று சொன்னார். மேடைகளில் கிங்கைக் கடுமையாகத் தாக்கியவர்தான். இருவரும் நேரில் சந்தித்ததே ஒரே முறை, 1964 மார்ச் 26 அன்று வாஷிங்டனில், சில நிமிடம். செல்மாவில் பேசிய 17ஆம் நாள் மால்கம் சுட்டுக் கொல்லப்பட்டார், 39 வயதில். கிங் இறந்தபோதும் வயது 39.

வெள்ளி, பர்மிங்காம்

நாளெல்லாம் மழை. 16ஆம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தையும் எதிரிலிருக்கும் கெல்லி இங்ரம் பூங்காவையும் குடைபிடித்துக்கொண்டு பார்த்தோம். 1963 மே மாதம் பள்ளிப் பிள்ளைகளைப் போராட்டத்தில் இறக்கியது சரியா என்று இருவரும் ஓட்டல் அறையில் வெகுநேரம் பேசினோம். உண்மையான ஆண்கள் தங்கள் குழந்தைகளைத் துப்பாக்கிக்கு முன் நிறுத்த மாட்டார்கள் என்று மால்கம் சாடினார். நான் அவர் பக்கம் சாய்ந்தேன். அவளோ, "அந்தப் பிள்ளைகள் ஏமாந்து வரல சித்தப்பா, தெரிஞ்சுதான் வந்தாங்க," என்று விடவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் இந்தத் தேவாலயத்தில் வெடித்த குண்டு நான்கு சிறுமிகளைக் கொன்றது. அந்த நால்வர் போராடப் போகவில்லை, ஞாயிறு வழிபாட்டுக்கு வந்தவர்கள்.

சனி, ரூல்வில், மிசிசிப்பி

டெல்டா சமவெளி கண்ணுக்கெட்டிய தூரம் தட்டை. பருத்தி, சோயா, நடுவே ஒற்றை ஒற்றையாய் வீடுகள். ஃபேனி லூ ஹேமரின் கல்லறையும் சிலையும் இந்தச் சிற்றூரில் இருக்கின்றன. சிலையில் அவர் கையில் ஒலிவாங்கி.

வாரத்துக்குப் பயிர் செய்த குடும்பத்தில் 20ஆவது குழந்தை. 1962 ஆகஸ்டில் ஸ்னிக் இளைஞர்கள் நடத்திய கூட்டத்துக்குப் போகும் வரை, தனக்கு ஓட்டுரிமை உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. வயது 44. அந்த மாதம் 31ஆம் தேதி 18 பேர் பேருந்தில் இண்டியனோலாவுக்குப் பதிவு செய்யப் போனார்கள். திரும்பும்போது பேருந்து அளவுக்கு மீறி மஞ்சளாக இருக்கிறதென்று போலீஸ் அபராதம் போட்டது. பயந்துபோயிருந்தவர்களைத் தேற்ற ஹேமர் பாடத் தொடங்கினார். அன்று இரவே நிலக்காரர், விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு அல்லது வெளியேறு என்றார். நான் உங்களுக்காகப் பதியப் போகவில்லை, எனக்காகப் போனேன் என்று சொல்லிவிட்டு 18 ஆண்டுகள் உழைத்த இடத்தை விட்டு இறங்கினார். அடுத்த ஆண்டு வினோனா சிறையில் அவரை அடித்த அடியில் உடம்பு கடைசிவரை தேறவில்லை.

1964 ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சி மாநாடு. வெள்ளையர் மட்டும் இருந்த மிசிசிப்பி அணிக்குப் போட்டியாக 68 பேர் கொண்ட விடுதலை ஜனநாயகக் கட்சி அணி இடம் கேட்டது. அந்தக் கட்சியின் மாநில மாநாட்டில் முதன்மை உரை ஆற்றியவர் எல்லா பேக்கர். ஹேமர் தொலைக்காட்சியில் சாட்சியம் சொல்லத் தொடங்கியதும், அதை இடைமறிக்கவே ஜனாதிபதி ஜான்சன் அவசரமாகப் பத்திரிகையாளர்களைக் கூட்டினார். இரவுச் செய்தியில் சாட்சியம் முழுதாக ஓடியது. கடைசியில் சமரசமாகத் தந்தது இரண்டு இடம், அதில் உட்காருபவர்களையும் மேலிடமே தேர்ந்தெடுக்கும்.

ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார் ரஸ்டின், என்.ஏ.ஏ.சி.பி.யின் ராய் வில்கின்ஸும் அப்படியே. கிங்கின் பேச்சு அங்கிருந்தவர்கள் மறக்காதது: நீக்ரோ தலைவன் என்ற முறையில் நீங்கள் ஏற்கவேண்டும் என்று விரும்புகிறேன், மிசிசிப்பி நீக்ரோவாக இருந்தால் எதிர்த்துத்தான் ஓட்டுப் போடுவேன் என்றார். எவ்வளவு நேர்மையான மனிதர்! நான் இந்த ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருக்கும் பிளவை அவரே தன் வாயால் சொல்லிவிட்டார். வெள்ளை மாளிகையோடு பேசவேண்டியவருக்கு ஒரு கணக்கு. திரும்பிப் போய் அதே நிலக்காரரின் முகத்தில் விழிக்கவேண்டியவருக்கு வேறு கணக்கு.

இரண்டு இடத்துக்காக நாங்கள் இவ்வளவு தூரம் வரவில்லை என்றார் ஹேமர். அணி மறுத்துவிட்டது. அந்த டிசம்பரில் ஹார்லெமில் ஹேமரும் மால்கம் எக்ஸும் ஒரே மேடையில் பேசினார்கள்.

ஞாயிறு, மெம்ஃபிஸ்

கிங் கடைசியாகத் தங்கிய லொரெய்ன் மோட்டல் இப்போது தேசியக் குடிசார் உரிமைகள் அருங்காட்சியகம். 306ஆம் அறையை அன்றிருந்தபடியே வைத்திருக்கிறார்கள். வரிசை நீளம், யாரும் சத்தமாகப் பேசவில்லை.

நான் அதிக நேரம் நின்றது துப்புரவுத் தொழிலாளர் பகுதியில். 1968 பிப்ரவரி 1 அன்று மழைக்குக் குப்பை லாரியின் பின்புறம் ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் இருவரையும் அழுத்தும் இயந்திரம் நசுக்கிக் கொன்றது. 12ஆம் தேதி 1,300 பேர் வேலைக்குப் போகவில்லை. பெரிய தலைவர் யாரும் கூப்பிடவில்லை. சங்கம் கட்டியவர் டி. ஓ. ஜோன்ஸ், அதற்காகவே 1963இல் வேலையை இழந்த துப்புரவுத் தொழிலாளி. 'நான் ஒரு மனிதன்' என்று எழுதிய அட்டைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தினமும் நடந்தார்கள். ஊர்வலங்கள் கிளம்பிய கிளேபோர்ன் டெம்பிளைப் பார்க்க ஆசைப்பட்டேன். 2025 ஏப்ரலில் அது தீயில் எரிந்துபோனது.

கிங்கை அழைத்தவர் போதகர் ஜேம்ஸ் லாசன். கொரியப் போருக்குப் போக மறுத்துச் சிறை சென்றவர். பிறகு நாக்பூர் கல்லூரி ஒன்றில் மூன்று ஆண்டு இருந்து காந்தியின் வழியைப் படித்தவர். மாண்ட்கோமரி புறக்கணிப்புச் செய்தியை நாக்பூர் நாளிதழில் படித்துத் துள்ளியவர். மார்ச் 28 அன்று கிங் முன்னால் நடந்த ஊர்வலத்தில் கடைக் கண்ணாடிகள் உடைந்தன. போலீஸ் சுட்டதில் 16 வயது லாரி பெய்ன் இறந்தான். அகிம்சை முடிந்தது என்று பத்திரிகைகள் எழுதின. கிங்குக்கு வேறு வேலை இருந்தது, உடன் இருந்தவர்கள் வேண்டாம் என்றார்கள். அவர் திரும்பி வந்தார். ஏப்ரல் 3 இரவு, புயல் மழையில், மேசன் டெம்பிளில் பேசினார். மறுநாள் மாலை இந்த மோட்டலின் மாடித் தாழ்வாரத்தில் சுடப்பட்டார்.

"செல்மாவுல ஸ்னிக் சொன்ன குறை இங்க பொருந்தாது, இல்லையா சித்தப்பா? இங்க அவர்தான் அவங்க போராட்டத்துக்கு வந்திருக்கார்," என்றாள் அண்ணன் மகள். ஆமாம் என்றேன்.

நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்கள் எரிந்தன. மெம்ஃபிஸில் ஏப்ரல் 8 அன்று, கணவரை இழந்த நான்காம் நாள், கொரெட்டா கிங் முன்னால் நடக்கப் பல்லாயிரம் பேர் மௌனமாகப் போனார்கள். வேலைநிறுத்தம் நிற்கவில்லை. ஏப்ரல் 16 அன்று நகராட்சி சங்கத்தை அங்கீகரித்தது, கூலியையும் உயர்த்தியது. தொழிலாளர்கள் கூடி அந்த ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்கள். அந்த 1733ஆம் எண் சங்கம் இன்றும் இயங்குகிறது.